எடுப்புக்கா, காரியத்துக்கா, ஒரு மாதம் கழித்தா? துக்க வீட்டுக்கு எப்போது, எப்படிப் போவது

பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. பாலக்கோடு பக்கம் ஒரு கிராமத்தில் கூட்டாளியின் அப்பா விடியற்காலையில் தவறிவிட்டார். மூன்று மணிக்கு எடுப்பு. லீவு போட்டால் கூலி போகும், மேஸ்திரி முகம் சுளிப்பார். அத்திப்பள்ளி நெரிசலைத் தாண்டி வந்து சேருவதற்குள் எடுத்துவிட்டாலும் விடுவார்கள். கிளம்புவதா? காரியத்துக்குப் போய்க்கொள்ளலாமா? போன் போட்டுச் சொன்னால் போதுமா?

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து ஓசூர், பெங்களூர், திருப்பூர் என்று பிழைக்கப் போனவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்கிற கேள்வி இது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரத்த உறவோ சம்பந்தமோ இல்லாதவர், ஒரே ஒரு தடவைதான் போக முடியும் என்றால், காரியம் முடிந்து வீடு காலியான பிறகு போவதுதான் மேல். அன்றைக்கு ஒரு போன் மட்டும் கட்டாயம். இதற்கு விதிவிலக்குகள் நிறைய உண்டு.

## எதை வைத்து முடிவு செய்வது

முதலில், உங்களுக்கு அங்கே ஒரு முறை இருக்கிறதா என்று பாருங்கள். கோடி போட, தோள் கொடுக்க, உருமால் கட்ட என்று உங்களை எதிர்பார்த்து ஒரு சடங்கு நிற்குமானால் மேற்கொண்டு யோசிக்க ஒன்றுமில்லை.

அடுத்து, நீங்கள் யாருக்கு வேண்டியவர்? இறந்தவருக்கா, இருப்பவருக்கா? இறந்தவருக்கு வேண்டியவர் என்றால் முகம் பார்க்க ஆசை இருக்கும். அது அன்றைக்கு மட்டும்தான் முடியும். இருப்பவருக்கு வேண்டியவர் என்றால் உங்களுக்கு அவசரமே இல்லை. அவர் துக்கம் பதினாறு நாளில் தீரப்போவதில்லை.

மூன்றாவது, நீங்கள் போகிற நேரத்தில் அந்த வீட்டில் குறைவது என்ன? ஆளா, கையா, காசா, பேச்சுத் துணையா? நான்காவது உங்கள் செலவு. பஸ் காசும் ஒரு நாள் கூலியும் கண்ணுக்குத் தெரியும். தெரியாத செலவுகள் கீழே வரும். கடைசியாக ஊர்க் கணக்கு. “அவன் வரலையே” என்ற பேச்சு பத்து வருடம் கழித்து உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் திரும்பி வரும். அதைப் பொருட்படுத்த மாட்டேன் என்று சொல்வது சுலபம். ஊரில் இருக்கிற உங்கள் அம்மாதான் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அவசரத்தில் இருப்பவர்கள் இந்த அட்டவணையைப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம்.

| வழி | யாருக்குச் சரி | வெளியே தெரியாத செலவு |
|---|---|---|
| அன்றைக்கே போவது | பங்காளி, மாமன் மச்சான், சம்பந்தி, அதே தெரு | அவசரப் பயணம். அந்த வீட்டுக்கு இன்னொரு ஆளைக் கவனிக்கும் வேலை |
| காரியத்துக்குப் போவது | ஒன்றாக வேலை செய்தவர்கள், தூரத்து உறவு | சாப்பாட்டுச் செலவு அவர்கள் தலையில் |
| ஒரு மாதம் கழித்துப் போவது | நண்பர்கள், முன்னால் குடியிருந்தவர்கள், ஆசிரியர்கள் | “ஏன் அன்னைக்கு வரலை?” என்ற முதல் கேள்வி |
| போன் | எல்லாருக்கும், மற்ற வழிகளோடு சேர்த்து | தப்பான ஆளை, தப்பான நேரத்தில் கூப்பிடுவது |
| வாட்ஸ்அப் | மேலோட்டமான பழக்கம் | சொல்லப்படாதவருக்குச் சேதி போய்ச் சேருவது |
| கடிதம் | தூரத்தில் இருப்பவர், பேச வராதவர் | உட்கார்ந்து எழுத வேண்டும் |
| வேலையாக, பணமாக உதவுவது | பக்கத்தில் இருப்பவர், விவரம் தெரிந்தவர் | ஒரு நாளோடு முடியாது |

## அன்றைக்கே போவது

பங்காளிகளுக்கும் தாய்மாமனுக்கும் சம்பந்திக்கும் இதில் தேர்வு என்று எதுவும் இல்லை. பிறந்த வீட்டுக் கோடி வராமல் எடுக்க மாட்டார்கள். இந்த முறைக்காரர்களுக்குப் பஸ் இல்லையென்றால் வாடகைக்குக் கார் பிடித்தாவது போக வேண்டியதுதான்.

அதே தெருவில் இருப்பவர்களும் போயாக வேண்டும். அவர்கள் போவது துக்கம் கேட்க மட்டும் இல்லை. ஷாமியானாவுக்கும் குளிர்பெட்டிக்கும் சொல்வது, உறவுக்காரர்களுக்குப் போன் போடுவது, வருகிறவர்களுக்கு டீ கொடுப்பது, சின்னப் பிள்ளைகளைத் தங்கள் வீட்டுக்குக் கூட்டிப் போய்ச் சாப்பாடு போடுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. பல வீடுகளில் அன்றைக்கு அடுப்பு பற்ற வைப்பதில்லை. பக்கத்து வீட்டுச் சோறுதான்.

மற்றவர்களுக்கு அன்றைய நாள் எப்படிப் போகும் என்று யோசித்துப் பாருங்கள். மாலையோடு போய் இறங்குவீர்கள். குளிர்பெட்டி பக்கத்தில் இரண்டு நிமிடம் நிற்பீர்கள். மகன் கையைப் பிடிப்பீர்கள். வெளியே வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து போனைப் பார்ப்பீர்கள். மறுநாள் அந்த அம்மாவைக் கேட்டால் யார் யார் வந்தார்கள் என்று சொல்லத் தெரியாது. வராதவர்களின் பெயர் மட்டும் பங்காளிகளுக்கு ஒன்று விடாமல் தெரியும்.

அந்த வீட்டுக்கு ஆகும் செலவு வேறு. வருகிற ஒவ்வொருவரும் “எப்படிங்க ஆச்சு? நேத்துகூட நல்லாத்தானே இருந்தாரு?” என்று கேட்க, கணவனைப் பறிகொடுத்தவள் அந்தக் கடைசி ராத்திரியை முதலிலிருந்து திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். நெஞ்சு வலித்தது, தண்ணீர் கேட்டார், ஆட்டோ பிடித்தோம் என்று அத்தனையும். நீங்கள் போனால் பந்தலுக்கு வெளியே நிற்கிற மருமகனையோ அண்ணன் மகனையோ கேட்டுத் தெரிந்துகொண்டு, உள்ளே போய் வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள். மாலையும் அப்படித்தான். பத்தாவது மாலை வாங்கும் காசுக்கு இரண்டு கேன் தண்ணீர் வாங்கிப் போட்டால் மதிய வெயிலில் நிற்கிறவர்களுக்கு உதவும். தண்ணீர்க் கேனில் உங்கள் பெயர் இருக்காது, அவ்வளவுதான். இன்னொரு செலவைப் பற்றி யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. வந்தவர்களில் சிலருக்குச் சரக்கு வாங்கித் தரும் கணக்கும் அந்த வீட்டின் தலையில்தான் விழுகிறது.

“நான் வர்ற வரைக்கும் எடுக்காதீங்க” என்று சொல்ல மகனுக்கும் மகளுக்கும் கூடப்பிறந்தவர்களுக்கும் உரிமை உண்டு. மற்றவர்கள் அதைச் சொல்லக் கூடாது. திருப்பூரிலிருந்து தொப்பூர் கணவாய் வழியாக இரவில் பைக்கை விரட்டிக்கொண்டு வருவதும் வேண்டாம். அந்தக் கணவாயில் விபத்துக்குக் குறைவே இல்லை.

உங்கள் வீட்டில் கல்யாணத்துக்கு முகூர்த்தக்கால் நட்டிருந்தாலோ, யாராவது மாலை போட்டு விரதத்தில் இருந்தாலோ, போகாததை ஊர் தப்பாக எடுத்துக்கொள்ளாது. ஆனால் காரணத்தை அன்றைக்கே யார் மூலமாவது சொல்லி அனுப்புங்கள்.

கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பக்கம் முஸ்லிம் வீடுகளில் அடக்கம் வெகு சீக்கிரம் நடந்துவிடும். பெங்களூரிலிருந்து கிளம்பிப் போய்ச் சேருவது பெரும்பாலும் முடியாது. அதைக் குறையாகவும் நினைக்க மாட்டார்கள். மூன்று நாட்களுக்குள் போய்ப் பார்ப்பது வழக்கம். கணவனை இழந்த பெண் நான்கு மாதம் பத்து நாள் இத்தாவில், அதாவது வீட்டோடு துக்கம் காக்கும் காலத்தில், இருப்பார். வெளி ஆண்கள் அவரைப் பார்க்கக் கேட்கக் கூடாது. மகனிடமோ சகோதரரிடமோ சொல்லிவிட்டு வர வேண்டியதுதான்.

## காரியத்துக்குப் போவது

பதினொன்றா, பதின்மூன்றா, பதினாறா என்பது சாதிக்குச் சாதி, ஊருக்கு ஊர் மாறும். எதுவானாலும் தேதி முன்கூட்டியே தெரியும். லீவு சொல்லலாம், நாலு பேர் சேர்ந்து ஒரே வண்டியில் போகலாம். கம்பெனியில் ஒன்றாக வேலை பார்த்தவர்களுக்கும் தூரத்து உறவுக்கும் இது வசதி. ஊர்க் கணக்கில் வருகைப் பதிவும் ஆகிவிடும்.

வருகைப் பதிவுக்கு மேல் பெரிதாக ஒன்றும் ஆகாது என்பதுதான் இதில் குறை. மகன்கள் சடங்கில் இருப்பார்கள், பெண்கள் சமையல் பக்கம் இருப்பார்கள். நீங்கள் பந்தியில் ஒரு இலை. இருநூறு முந்நூறு பேருக்குச் சோறு போட அந்தக் குடும்பம் கடன் வாங்கியிருக்கலாம். அதனால் காரியத்துக்குப் போகிறவர்கள் வெறுங்கையோடு போக வேண்டாம். கொடுக்கிற பணத்தை அந்த ஊர் வழக்கப்படி கொடுங்கள். சில இடங்களில் நோட்டில் எழுதுவார்கள், பிறகு திருப்பிச் செய்ய வேண்டிய கணக்காகிவிடும். திருப்பி எதிர்பார்க்காமல் கொடுக்க நினைத்தால் நோட்டுக்காரரிடம் போகாமல் மூத்த மகன் கையில் தனியாகக் கொடுத்துவிடுங்கள்.

## ஒரு மாதம் கழித்துப் போவது

காரியம் முடிந்த மறுநாள் மகள் புருஷன் வீட்டுக்குத் திரும்பிவிடுவாள். மகன் ஓசூர் கம்பெனியில் ஷிப்டுக்குப் போய்விடுவான். பந்தல் பிரித்தாகிவிட்டது, பாத்திரம் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அந்த வீட்டில் ஒரே ஒரு ஆள். ராகிக் களியைக்கூட ஒரு ஆளுக்கு அளவாகக் கிண்டத் தெரியாமல், இரண்டு பேருக்குக் கிண்டிவிட்டு மிச்சத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பேச ஆள் தேவைப்படுவது அப்போதுதான். யாரும் வராததும் அப்போதுதான்.

ஆனால் இதைத் தேர்ந்தெடுப்பவர்கள் நாளைத் தள்ளிக்கொண்டே போய்விடுகிறார்கள். அதனால் முதல் நாள் போன் பேசும்போதே “காரியம் முடிஞ்சு அடுத்த மாசம் வர்றேன்” என்று சொல்லி வைத்துவிடுங்கள். சொல்லிவிட்டால் போயாக வேண்டும். சில வீடுகளில் செவ்வாய், வெள்ளியில் துக்கம் கேட்க வருவதை விரும்ப மாட்டார்கள். முன்னாடியே கேட்டுக்கொள்வது நல்லது. ஆண் ஒருவர் தனியாக, கணவனை இழந்த பெண்ணின் வீட்டுக்குப் போனால் ஊர் வாய் சும்மா இருக்காது. பேச்சு வாங்கப்போவது அந்தப் பெண்தான். அம்மாவையோ மனைவியையோ கூட்டிப் போங்கள்.

உள்ளே நுழைந்ததும் “ஏன் சாமி அன்னைக்கு வரலை?” என்று வரும். லீவு, பஸ், மேஸ்திரி என்று கதை சொல்லாதீர்கள். “வர முடியலைங்க அத்தை. மனசு கேக்கலை, அதான் இப்ப வந்தேன்” என்றால் போதும். அப்புறம் அவர்களைப் பேச விடுங்கள். இறந்தவரைப் பற்றிப் பேச்சை எடுத்தால் அழுதுவிடுவார்களோ என்று பயந்து மாங்காய் விலை, மழை, தேர்தல் என்று சுற்றி வருவதுதான் பலரும் செய்வது. அழுதால் அழட்டும். மாமா இந்தத் திண்ணையில் உட்கார்ந்து என்ன சொல்வார், எந்தப் பஸ்ஸைப் பிடித்துச் சந்தைக்குப் போவார் என்று நீங்களே எடுத்துக் கொடுங்கள். ஒரு மாதமாக அந்தப் பெயரை யாருமே சொல்லாமல் தவிர்த்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

சில பேச்சுகளைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். “வயசாச்சு, படுத்துக் கிடக்காம போய்ட்டாரு, நல்ல சாவு” என்பதை அந்த வீட்டார் சொல்லலாம். வந்தவர் சொல்லக் கூடாது. “நீ அழுதா பிள்ளைங்க என்ன ஆகும்?” என்பது ஆறுதல் இல்லை, இன்னொரு வேலையைத் தலையில் ஏற்றுவது. “அந்த டாக்டர்கிட்ட காட்டியிருக்கலாமே” என்று தயவு செய்து ஆரம்பிக்காதீர்கள். நிலம் யார் பேரில் இருக்கிறது என்பது உங்களுக்கு வேண்டாத விஷயம். கிளம்பும்போது “போயிட்டு வர்றேன்” சொல்ல மாட்டார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். காரியம் முடிந்த பிறகும் அதைப் பார்க்கிற வீடுகள் உண்டு, பேசாமல் எழுந்து வந்துவிடலாம்.

போகவே முடியாதவர்களுக்கு இன்னொரு நாள் இருக்கிறது. சாவு நடந்த வீட்டில் அந்த வருடம் பண்டிகை இல்லை. ஆடிப்பெருக்கன்று ஊரே ஒகேனக்கலுக்கு வண்டி பிடிக்கும்போதும், பொங்கலுக்கு எல்லா வாசலிலும் கோலம் இருக்கும்போதும் அந்த வீடு மட்டும் சும்மா இருக்கும். அன்றைக்கு ஒரு போன் போடுங்கள்.

## போன்

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இதுவும் சேர வேண்டும். தனியாகப் போனை மட்டும் வைத்து முடித்துக்கொள்வது தூரத்துப் பழக்கத்துக்குத்தான் சரி. எடுப்புக்கு முந்தின நேரத்தில் நெருங்கிய ஆளைக் கூப்பிடாதீர்கள். அவர் போன் வேறு யார் கையிலோ இருக்கும். சாயங்காலமோ மறுநாளோ கூப்பிட்டு, இரண்டு நிமிடத்தில் முடியுங்கள். “அண்ணா, இப்பத்தான் கேள்விப்பட்டேன். அப்பா என்னை எப்பவும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாரு. நீங்க ஒண்ணும் பேச வேண்டாம், அடுத்த மாசம் வீட்டுக்கு வர்றேன்.” இவ்வளவு போதும். “ஏதாவது உதவி வேணும்னா சொல்லுங்க” என்பதைச் சொல்லாமலே இருக்கலாம். யாரும் கேட்டு வர மாட்டார்கள்.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை, வேப்பனஹள்ளிப் பக்கம் வீட்டுக்குள் தெலுங்கோ கன்னடமோ பேசும் குடும்பங்கள் நிறைய. அந்தப் பாஷை உங்களுக்கு அரைகுறையாகத் தெரிந்தாலும் அதிலேயே பேசுங்கள்.

## வாட்ஸ்அப்

செலவே இல்லாத வழி போலத் தெரியும். ஆனால் பெரிய சேதம் இதில்தான் நடக்கிறது. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் சொல்லி மகளைப் பெங்களூரிலிருந்து கிளப்பியிருப்பார்கள். அவள் பஸ்ஸில் வரும் வழியில் யாரோ ஒருவர் வைத்த ‘கண்ணீர் அஞ்சலி’ ஸ்டேட்டஸைப் பார்த்துவிடுவாள். அவர் நல்ல எண்ணத்தில்தான் வைத்திருப்பார். எடுப்பு முடிகிற வரை ஸ்டேட்டஸ், குரூப், முகநூல் எதிலும் போடாதீர்கள். உடலைப் படம் எடுத்துப் போடுவது எப்போதும் வேண்டாம்.

குரூப்பில் வரிசையாக விழும் கைகூப்பிய பொம்மைகளை யாரும் படிப்பதில்லை. தனியாக அனுப்புங்கள். ‘ஆழ்ந்த இரங்கல்’ என்று மட்டும் எழுதாமல், இறந்தவரோடு உங்களுக்கு இருந்த ஒரு சங்கதியைச் சேர்த்து மூன்று வரி எழுதினால் போதும். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குக் குரல் பதிவு. பதில் எதிர்பார்க்காதீர்கள், நீலக் குறி விழுந்தும் பதில் இல்லையே என்று நினைக்கவும் வேண்டாம்.

## கடிதம்

இப்போது யாரும் எழுதுவதில்லை. அதனாலேயே எழுதுங்கள் என்கிறேன். வெளிநாட்டிலோ வடக்கிலோ இருப்பவர்களுக்கும், நேரில் போனால் வாய் வராதவர்களுக்கும் இதைவிட நல்ல வழி இல்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: கருப்பு மையோ கருப்புக் கரையோ வேண்டாம். கருமாதிப் பத்திரிகையைப் படித்ததும் கிழித்துப் போடும் வழக்கம் நம்மிடம் உண்டு, உங்கள் கடிதமும் அதோடு போய்விடும். சாதாரணக் கடிதம் போல் இருந்தால் பீரோவில் இருக்கும்.

என்ன எழுதுவது என்று தெரியாதவர்களுக்கு நம் மண்ணிலேயே முன்மாதிரி இருக்கிறது. தகடூர் அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலைப் பாட்டில், அதாவது இரங்கல் பாட்டில், ‘வருந்தாதீர்கள்’ என்று யாருக்கும் சொல்லவில்லை. கொஞ்சமாகக் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாடத் தானும் மகிழ்ந்து உண்பான் என்று தொடங்கி, அவன் செய்ததையே சொல்லிக்கொண்டு போகிறார். தகடூர் என்பது இன்றைய தர்மபுரிதான். நாமும் அப்படியே எழுதலாம்: உங்கள் அப்பா 11ஆம் வகுப்பில் எனக்குப் பஸ் காசு கொடுத்தார், திருப்பிக் கொடுத்தபோது வாங்க மறுத்தார். ஒரு பக்கம் போதும்.

போஸ்டரும் பிளக்ஸும் அடிப்பதைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: அதில் எந்தப் பெயர் விட்டுப்போனது, யார் படம் பெரிதாக இருக்கிறது என்று ஒரு வாரம் சண்டை நடக்கும். அந்தக் காசை அடுத்த பகுதியில் சொல்வதற்குச் செலவழிக்கலாம்.

## வேலையாகவும் காகிதமாகவும்

சாவு வந்த வீட்டிலும் மாடு பால் கறக்கத்தான் வேண்டும். தக்காளி பறிக்காமல் விட்டால் செடியிலேயே அழுகிவிடும். ராயக்கோட்டை மண்டிக்கு யாராவது கொண்டு போய்த்தான் ஆக வேண்டும். பட்டுப்புழு வளர்க்கிற வீடு என்றால் நிலைமை இன்னும் மோசம். நாலாவது தோல் உரித்த புழு கூடு கட்டப் போகும் அந்த ஒரு வாரத்தில்தான் ரொம்பத் தின்னும். தழை வெட்டிப் போட ஆள் இல்லையென்றால் அந்த ஈடு மொத்தமும் போய்விடும். பக்கத்துக் கொல்லைக்காரர் விடியற்காலையில் பேசாமல் வந்து தழை வெட்டிப் போட்டுவிட்டுப் போவதற்கு மேல் ஒரு துக்க விசாரிப்பு இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் எடுப்புக்கு நேரம் கழித்து வந்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள்.

ஊரில் இல்லாத, கொஞ்சம் படித்த ஆள் செய்யக்கூடியது காகித வேலை. இறப்பை 21 நாட்களுக்குள் பதிந்தால் கட்டணம் கிடையாது. கிராமத்தில் வீட்டிலேயே இறந்தவர் என்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் பதிய வேண்டும். சடங்கில் மூழ்கியிருக்கும் குடும்பம் இதை மறந்து, பிறகு அலையும். வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இறந்தவர் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிந்தவரா என்று அட்டையைத் தேடுங்கள். குடும்பத்துக்கு உதவித்தொகை உண்டு.

பாஸ்புக்கையும் எடுத்துப் பாருங்கள். மே கடைசியில் 436 ரூபாயோ 20 ரூபாயோ பிடித்திருந்தால் அது பிரதமர் பெயரில் உள்ள காப்பீடு. 436 ரூபாய்த் திட்டத்தில் எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம், 20 ரூபாய்த் திட்டத்தில் விபத்தில் இறந்தால் 2 லட்சம். கையெழுத்துப் போட்ட ஞாபகமே இல்லாமல் இதில் சேர்ந்திருப்பவர்கள் உண்டு. வங்கிக்கு ஒரு தடவை கூட்டிப் போய் வருவது, பத்து தடவை ‘தைரியமா இருங்க’ என்று சொல்வதற்குச் சமம் என்றுகூடச் சொல்ல மாட்டேன், அதற்கு மேல்.

இதில் உள்ள கஷ்டம், தொட்டால் பாதியில் விட முடியாது. தாலுகா ஆபீசுக்கு மூன்று தடவை போக நேரம் இல்லாதவர் ஆரம்பிக்கவே வேண்டாம். பணம் கொடுப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

## கணக்கு மாறும் சாவுகள்

மேலே சொன்னது எல்லாம் வயதானவர், நோயாளி இறந்த வீட்டுக்கு. விபத்து, தற்கொலை, பிள்ளைச் சாவு என்றால் முடிவு மாறும்.

சாலை விபத்து என்றால் அரசு ஆஸ்பத்திரியில் பிரேதப் பரிசோதனைக்காகக் காத்திருக்கும் நேரம்தான் கொடுமை. வீட்டுக்குப் போவதைவிட அங்கே போய் நிற்பது மேல். போலீஸ் கேட்கும் காகிதங்களை ஜெராக்ஸ் எடுத்துத் தர, குடும்பத்துக்குத் தண்ணீரும் பன்னும் வாங்கித் தர ஒரு ஆள் வேண்டும்.

வயிற்றிலேயே போன குழந்தைக்கும், பிறந்து சில நாளில் போன குழந்தைக்கும் பெரிய சடங்கு இருக்காது, கூட்டமும் வராது. “சின்ன வயசுதான், அடுத்தது பொறக்கும்” என்று சொல்லி முடித்துவிடுவார்கள். அந்தத் தாய்க்கு நேரில் போவதுதான் சரி. கடிதமும் வாட்ஸ்அப்பும் இங்கே போதாது.

தற்கொலை நடந்த வீட்டுக்கு அன்றைக்கே போங்கள், ஆனால் காரணம் கேட்காதீர்கள். கடிதம் இருந்ததா, காதலா, கடனா என்று எதுவும் வேண்டாம். சாதாரணச் சாவுக்கு என்ன செய்வீர்களோ அதே மாலை, அதே இரண்டு நிமிடம், அதே மொய். அந்த வீட்டார் காத்திருப்பது தங்களை ஊர் ஒதுக்குகிறதா என்று பார்க்கத்தான். பிற்பாடு அந்த வீட்டில் யாராவது ‘நானும் போயிடறேன்’ என்கிற மாதிரி பேசினால் அதை அழுகைப் பேச்சு என்று விட்டுவிடாமல், கூடவே உட்கார்ந்து 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணையோ 104 என்ற அரசு சுகாதார உதவி எண்ணையோ நீங்களே அழைத்துக் கொடுங்கள். இரண்டிலும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.